பாதியில் நின்ற கதையைத் தொடர்வோமா? டஞ்சன் மாஸ்டருக்குக் கை கொடுக்கும் கம்ப்யூட்டர்

"மச்சி, அந்த இரும்புக் கதவுக்குப் பின்னால என்னடா இருந்துச்சு?"

சென்ற ஆண்டு ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்கு என் மொபைலுக்கு வந்த மெசேஜ் இது. அனுப்பியவன் என்னுடன் இன்ஜினியரிங் படித்து, இப்போது கனடாவின் டொரண்டோ நகரில் வேலை பார்க்கும் நண்பன். கல்லூரி விடுதியில் நாங்கள் நான்கு பேர் சனிக்கிழமை இரவுகளில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாடுவோம். கதையை நடத்துபவன் நான். மற்ற மூவரும் வீரர்கள். 2018ல் கடைசி செமஸ்டர் முடிந்தபோது, மூவரும் ஒரு மலைக் குகையில் இரும்புக் கதவு ஒன்றின் முன்னால் நின்று கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் திறக்கலாம் என்று சொல்லி எழுந்தோம். அந்த அடுத்த வாரம் ஏழு ஆண்டுகள் வரவே இல்லை. பிறந்த நாள் வாழ்த்தைத் தவிர எங்களுக்குள் பேச்சும் குறைந்து விட்டது.

கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று உடனே பதில் அனுப்பியிருக்கலாம். ஆனால் எனக்கே தெரியவில்லை என்பதுதான் உண்மை. குறிப்புகள் எல்லாம் என் பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. 2020ல் அது பழுதானது. வேறு காப்பி எடுத்து வைக்கவில்லை.

அதன் பிறகு எப்படி மீண்டும் ஆடத் தொடங்கினோம், அதற்குக் கம்ப்யூட்டர் எந்த வகையில் உதவியது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். எங்கள் குழுவில் கோவை நண்பனின் தங்கையும் இப்போது சேர்ந்திருக்கிறாள். கல்லூரியில் சேர்ந்து, முதல் முறையாகச் சொந்த லேப்டாப் வாங்கியிருப்பவள். "அண்ணா, இதுக்கெல்லாம் பெரிய கேமிங் கம்ப்யூட்டர் வேணுமா?" என்று கேட்டாள். தேவையே இல்லை. பிரவுசரும் இன்டர்நெட் இணைப்பும் இருந்தால் போதும். அவளுக்குப் போனில் சொன்ன வழிமுறைகளையே இங்கு உங்களுக்கும் தருகிறேன்.

இது என்ன விளையாட்டு?

கேம் என்றவுடன் மானிட்டரில் துப்பாக்கியும் காரும் ஓடும் விளையாட்டு என்று நினைத்து விட வேண்டாம். இது மேஜையைச் சுற்றி அமர்ந்து, பேசியே ஆடும் விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். இவருக்கு டஞ்சன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்பார்கள். ஒருவர் வாள் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடர் என்பது போல. "உங்கள் முன் ஒரு பாழடைந்த கோட்டை இருக்கிறது. என்ன செய்கிறீர்கள்?" என்று டஞ்சன் மாஸ்டர் கேட்பார். "சுவரில் ஏறிப் பார்க்கிறேன்" என்று வீரர் சொல்வார். ஏற முடிந்ததா, விழுந்தாரா என்பதைப் பகடை முடிவு செய்யும். அந்த முடிவிலிருந்து கதை அடுத்த கட்டத்திற்கு நகரும்.

கேரி கைகேக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கிய இந்த விளையாட்டு 1974ல் வெளியானது. முதல் பதிப்பு 1,000 பெட்டிகள்தாம். ஒவ்வொன்றிலும் மூன்று சிறு புத்தகங்கள் இருந்தன. வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனத்தை 1997ல் விசார்ட்ஸ் ஆப் த கோஸ்ட் நிறுவனம் வாங்கியது. அந்த நிறுவனத்தை 1999ல் ஹாஸ்ப்ரோ வாங்கியது.

இந்த விளையாட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் தொடக்கத்திலிருந்தே உறவு உண்டு. இன்டர்நெட்டின் முன்னோடியான அர்பாநெட் உருவாக்கத்தில் பணியாற்றிய வில் கிரவுதர் என்ற புரோகிராமர், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுபவர். குகைகளுக்குள் சென்று ஆராய்வதிலும் ஆர்வம் கொண்டவர். இரண்டையும் சேர்த்து 1975-76ல் அவர் எழுதிய 'அட்வென்ச்சர்' என்ற புரோகிராம்தான், எழுத்துகளாலேயே ஆடும் சாகச கேம்களுக்கு வழிகாட்டியாக அமைந்தது. கட்டளையை டைப் செய்தால், அடுத்து என்ன நடந்தது என்று கம்ப்யூட்டர் சொல்லும். அதாவது கம்ப்யூட்டரே டஞ்சன் மாஸ்டராக அமர்ந்து கொண்டது!

இடைவெளியில் என்ன மாறியது?

நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்பும் டஞ்சன் மாஸ்டர் முதலில் தெரிந்து கொள்ள வேண்டியது, விதிப் புத்தகம் மாறியிருக்கிறதா என்பதைத்தான். நாங்கள் ஆடியது 2014ல் வெளியான ஐந்தாம் பதிப்பு. அதன் விதிகள் திருத்தப்பட்டு, வீரர்களுக்கான கையேடு 2024 செப்டம்பரிலும், டஞ்சன் மாஸ்டருக்கான கையேடு 2024 நவம்பரிலும், அரக்கர்கள் பற்றிய புத்தகம் 2025 பிப்ரவரியிலும் வெளியாயின. அடிப்படை ஒன்றேதான். ஆனால் சின்னச் சின்ன மாற்றங்கள் நிறைய. அவற்றில் சில:

1. காயம் ஆற்றும் மருந்தைக் குடிக்க 2014 விதிப்படி அந்தச் சுற்றின் முழுச் செயலும் செலவாகும். 2024 விதிப்படி அது ஒரு கூடுதல் செயல். எனவே குடித்து விட்டு, அதே சுற்றில் வாளையும் வீசலாம்.

2. எதிரி எதிர்பாராமல் தாக்கினால், பழைய விதியில் மாட்டிக் கொண்டவர் முதல் சுற்றையே இழப்பார். புதிய விதியில் அவர் சுற்று வரிசைக்கான பகடையை இரண்டு முறை உருட்டிக் குறைந்த எண்ணை எடுத்துக் கொண்டால் போதும்.

3. களைப்பு விதி எளிதாகி விட்டது. ஒவ்வொரு நிலைக் களைப்புக்கும் 20 முகப் பகடையின் எண்ணிலிருந்து 2 கழிக்க வேண்டும். நடக்கும் வேகமும் 5 அடி குறையும். ஆறாவது நிலையில் மரணம் என்பது மட்டும் மாறவில்லை.

4. பாத்திரத்தின் உடல் வலிமை, அறிவு போன்றவற்றிற்கான கூடுதல் புள்ளிகள் முன்பு இனத்தைப் பொறுத்துக் கிடைத்தன. இப்போது அந்தப் பாத்திரம் முன்பு என்ன தொழில் செய்தது, எப்படி வளர்ந்தது என்ற பின்னணியைப் பொறுத்துக் கிடைக்கின்றன.

எது நல்லது என்று வாதிட வேண்டாம். எந்த விதிகளின்படி ஆடப் போகிறோம் என்பதை முன்கூட்டியே எல்லாரும் சேர்ந்து முடிவு செய்து கொள்ளுங்கள். நான் அதைச் செய்யவில்லை. மீண்டும் கூடிய முதல் நாளிலேயே, ஒரு ராட்சதனுடன் சண்டை நடந்த போது பெங்களூரு நண்பன் மருந்தைக் குடித்து விட்டு, "இப்போ வெட்டுறேன்" என்றான். "முடியாது" என்றேன் நான். அவன் கையில் புதிய புத்தகம். என் தலையில் பழைய விதி. 20 நிமிடங்கள் தேடிப் பார்த்தோம். ராட்சதன் பாவம், தடியை ஓங்கிய கையோடு காத்திருந்தான். டொரண்டோ நண்பன் கொட்டாவி விட்டது ஸ்பீக்கரில் கேட்டது. இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஆனால் விளையாட்டு கெட்டு விட்டது.

அன்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக் கொண்டோம். ஆட்டத்தின் நடுவில் விதியில் சந்தேகம் வந்தால் இரண்டு நிமிடங்கள் மட்டும் தேடுவது. கிடைக்காவிட்டால் டஞ்சன் மாஸ்டர் சொல்வதே அன்றைய முடிவு. சரியான விதியை ஆட்டம் முடிந்த பின் பார்த்து, அடுத்த வாரத்திலிருந்து கடைப்பிடிப்பது.

விதிகளை இலவசமாகப் பெறலாம்

புத்தகங்கள் விலை அதிகம். எல்லாவற்றையும் வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. அடிப்படை விதிகள் அடங்கிய 'சிஸ்டம் ரெபரன்ஸ் டாக்குமெண்ட்' என்னும் பி.டி.எப். பைலை அந்த நிறுவனமே தன் டி அண்ட் டி பியாண்ட் தளத்தில் இலவசமாகத் தருகிறது. 5.1 என்ற எண் கொண்டது 2014 விதிகள். 5.2 என்ற எண்ணில் தொடங்குவது 2024 விதிகள். எண்ணைக் கவனித்து டவுண்லோட் செய்திடுங்கள்.

இது இலவசமாகக் கிடைத்ததற்குப் பின்னால் ஒரு போராட்டம் உண்டு. 2000ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருந்த பொது உரிமத்தை மாற்ற நிறுவனம் முயல்கிறது என்ற செய்தி 2023 ஜனவரியில் வெளியானது. ஆடுபவர்களும் சிறு பதிப்பாளர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த மாதம் 27ஆம் தேதி நிறுவனம் பின்வாங்கி, 5.1 விதிகளை 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தின் கீழ் வெளியிட்டது. இந்த உரிமத்தைத் திரும்பப் பெற இயலாது. 2025 ஏப்ரலில் 5.2 விதிகளும் இதே உரிமத்தில் வந்தன. நமக்கு இதில் ஒரு நன்மை இருக்கிறது. மூலம் எது என்பதை உரிமம் கேட்கும் முறையில் குறிப்பிட்டு விட்டால், இந்த விதிகளை நீங்கள் தமிழில் மொழி பெயர்க்கலாம். அச்சிட்டு விற்கவும் செய்யலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. 'எல்லாப் புத்தகங்களும் இலவசம்' என்று கூவி அழைக்கும் தளங்கள் பல உள்ளன. புத்தகம் என்று நினைத்து நீங்கள் இறக்கும் பைல், இ.எக்ஸ்.இ. என்ற துணைப் பெயருடன் வந்தால் அது புத்தகம் அல்ல, புரோகிராம். திறந்தால் வைரஸ் உள்ளே வரலாம். விண்டோஸ் சிஸ்டத்தில் பைல்களின் துணைப் பெயர்கள் வழக்கமாகக் காட்டப்படுவதில்லை. விண்டோஸ் 11ல் பைல் எக்ஸ்புளோரரைத் திறந்து, வியூ மெனுவில் ஷோ என்பதைத் தேர்ந்தெடுத்து, அதில் 'பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற வரியில் டிக் அடையாளத்தை ஏற்படுத்தி விடுங்கள். இனி எந்த பைலும் உங்களிடம் மறைந்து வர முடியாது.

5.1 பைல் 400 பக்கங்களுக்கும் மேல் போகும். படித்து முடிக்க வேண்டாம். பைலைத் திறந்து, கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு எப் கீயைத் தட்டுங்கள். தேடல் கட்டம் கிடைக்கும். அதில் நீங்கள் தேடும் சொல்லை ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினால் அந்த இடத்திற்குப் போகலாம். இந்த வழியை முன்பே பழகியிருந்தால் எங்கள் ராட்சதன் 20 நிமிடங்கள் காத்திருக்க நேர்ந்திருக்காது.

குறிப்புகளை எப்படி வைத்துக் கொள்வது?

பெரிய புரோகிராம் எதுவும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். டாக்குமெண்ட்ஸ் போல்டருக்குள் கதையின் பெயரில் ஒரு போல்டர் உருவாக்குங்கள். அதற்குள் விதிகள், வரைபடங்கள், பாத்திரங்கள், அமர்வுகள் என நான்கு போல்டர்கள். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் நோட்பேடில் பத்து வரிகள் எழுதி, அமர்வுகள் போல்டரில் சேவ் செய்யுங்கள். பைலின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் கொடுங்கள். 2025-11-09 என்பது போல. அப்போதுதான் பெயர் வரிசையில் அடுக்கினாலும் பைல்கள் கால வரிசையிலேயே நிற்கும். நாள், மாதம், ஆண்டு என்று வைத்தால் ஜனவரி 9ம் நவம்பர் 9ம் பக்கத்தில் பக்கத்தில் வந்து குழப்பும்.

அந்தப் பத்து வரிகளில் எழுத வேண்டியவை: வீரர்கள் யாரைச் சந்தித்தார்கள், யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள், எதைத் திறக்காமல் விட்டு வந்தார்கள், எங்கே நிற்கிறார்கள். இவ்வளவுதான்.

எவ்வளவு தயாரிக்க வேண்டும்?

திரும்பி வருபவர்கள் செய்யும் பெரிய தவறு, ஏழு ஆண்டு இடைவெளியை ஏழு நாளில் ஈடு கட்டப் பார்ப்பது. நானும் ஒரு ராஜ்ஜியத்தின் 200 ஆண்டு வரலாற்றை எழுதினேன். மூன்று வார இறுதிகள் போயின. ஆட்டத்தில் அதிலிருந்து ஒரு வரி கூடப் பயன்படவில்லை. வீரர்கள் அரண்மனைப் பக்கமே போகாமல் ஒரு சத்திரத்துச் சமையற்காரரிடம் பேசிக் கொண்டிருந்தார்கள்.

மைக்கேல் ஷே என்பவர் 2018ல் எழுதிய 'ரிட்டர்ன் ஆப் த லேசி டஞ்சன் மாஸ்டர்' என்ற புத்தகம் இதற்கு நல்ல மருந்து. வீரர்கள் கண்டுபிடிக்கக் கூடிய பத்து ரகசியங்களை, ஒவ்வொன்றும் ஓரிரு வரியாக எழுதி வைக்கச் சொல்கிறார். எங்கே, யார் மூலம் தெரிய வரும் என்று எழுதக் கூடாது. வீரர்கள் எந்தப் பக்கம் போனாலும் அங்கே பொருத்தமான ரகசியத்தை வெளிப்படுத்தலாம். அரண்மனையில் தெரிய வேண்டியது சமையற்காரர் வாயிலிருந்தும் வரலாம். இந்த முறைக்கு மாறிய பின் என் தயாரிப்பு நேரம் ஒரு மணிக்குள் அடங்கி விட்டது. அலுவலகத்தில் ரிலீஸ் இருக்கும் வாரங்களிலும் ஆட்டத்தைத் தள்ளிப் போட வேண்டியதில்லை.

பகடை இல்லையா? கம்ப்யூட்டர் உருட்டும்

இந்த விளையாட்டில் 4, 6, 8, 10, 12, 20 முகங்கள் கொண்ட பகடைகள் பயன்படுகின்றன. விடுதியில் எங்களிடம் 20 முகப் பகடை இல்லை. 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கி எடுப்போம். எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டு விட வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு முறையும் எல்லா எண்களுக்கும் சம வாய்ப்பு இருக்கும். கணக்குப்படி இது பகடைக்குச் சமம்.

அந்த டம்ளரின் வேலையை ஸ்ப்ரெட்ஷீட் செய்யும். எக்ஸெல் இருந்தால் அதையும், இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பின் கால்க் புரோகிராமையும் பயன்படுத்தலாம். ஒரு செல்லில் சமக்குறி போட்டு, ராண்ட்பிட்வீன் என்ற பங்ஷனை ஆங்கிலத்தில் டைப் செய்து, அடைப்புக் குறிக்குள் 1, 20 என்ற இரு எண்களைக் கொடுத்து என்டர் தட்டுங்கள். ஒரு எண் கிடைக்கும். எப்9 கீயைத் தட்டத் தட்டப் புதிய எண் வரும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த ஷீட்டில் வேறு எந்த செல்லில் எதை டைப் செய்தாலும் இந்த எண்ணும் மாறி விடும். எனவே கிடைத்த எண்ணை நினைவில் வைக்க வேண்டுமானால், வேறு செல்லில் நீங்களே டைப் செய்து விட வேண்டும்.

எண்ணை வைத்து வெற்றி தோல்வியை முடிவு செய்யும் முறை எளிது. பாத்திரத்தின் திறன் மதிப்பிலிருந்து 10ஐக் கழித்து, 2ஆல் வகுத்து, பின்னம் வந்தால் கீழே உள்ள முழு எண்ணை எடுக்க வேண்டும். 14 என்றால் +2. 8 என்றால் -1. பழகிய வேலை என்றால் இன்னும் சில புள்ளிகள் சேரும். இதைப் பகடை எண்ணுடன் கூட்ட வேண்டும். டஞ்சன் மாஸ்டர் நிர்ணயித்த இலக்கை எட்டினால் வெற்றி. எளிய வேலைக்கு 10, நடுத்தரத்திற்கு 15, கடினமானதற்கு 20 என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இலக்கு 15, உங்கள் கூடுதல் +5 என்றால் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதாவது 20ல் 11 வாய்ப்புகள், 55 சதவீதம். சூழ்நிலை சாதகமாக இருந்தால் இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுக்கலாம். அப்போது வாய்ப்பு 79.75 சதவீதமாக உயரும். பாதகமாக இருந்தால் சிறிய எண்ணை எடுக்க வேண்டும். வாய்ப்பு 30.25 சதவீதமாகக் குறையும். வீரர் நல்ல யோசனை சொன்னால், தயங்காமல் இரண்டு பகடை கொடுங்கள். இந்த இடைவெளியைப் பார்த்தாலே அதன் மதிப்பு புரியும்.

சண்டையில் யார் முதலில் என்பதற்கும் ஸ்ப்ரெட்ஷீட் உதவும். முதல் பத்தியில் பெயர், இரண்டாவதில் அவர் உருட்டிய எண், மூன்றாவதில் மீதமுள்ள உயிர்ப் புள்ளிகள். எண்களைக் கையால் டைப் செய்து, மூன்று பத்திகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் சார்ட் என்பதைக் கிளிக் செய்து, இரண்டாவது பத்தியைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கினால் அரக்கனின் புள்ளிகள் மந்திரவாதிக்குப் போய் விடும். கவனம் தேவை.

ஆளுக்கொரு ஊரில் இருந்தால்?

நான் சென்னையில், ஒருவன் பெங்களூருவில், ஒருவன் தங்கையுடன் கோவையில், ஒருவன் டொரண்டோவில். எல்லாருக்கும் பொதுவான மேஜை, பிரவுசரில் இருக்கிறது. இதற்கு 'வெர்ச்சுவல் டேபிள்டாப்' என்று பெயர். 2012ல் தொடங்கிய ரோல்20 என்ற தளத்தில் இலவசமாகக் கணக்கு திறக்கலாம். டஞ்சன் மாஸ்டர் புதிய கேம் ஒன்றை உருவாக்கி, அதற்கான அழைப்பு லிங்க்கை மற்றவர்களுக்கு அனுப்பினால் போதும். அவர்கள் எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. சாட் கட்டத்தில் சாய்வுக் கோடு, ஆர் என்ற ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, அதன் பின் 1டி20+5 என்று ஆங்கில எழுத்தில் டைப் செய்து என்டர் தட்டினால், 20 முகப் பகடை உருண்டு, 5 கூட்டப்பட்டு, முடிவு எல்லார் மானிட்டரிலும் தெரியும். யாரும் ஏமாற்ற முடியாது!

தொடக்கத்தில் வரைபடம், வண்ண விளக்கு என்று இதன் எல்லா வசதிகளையும் பயன்படுத்த முயல வேண்டாம். நாங்கள் முதல் மூன்று வாரங்கள் பகடையை மட்டும் அங்கே உருட்டினோம். மற்றதெல்லாம் வாய் வார்த்தைதான்.

பேசுவதற்கு நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் எந்த வீடியோ கால் வசதியும் போதும். எல்லாரும் ஹெட்போன் மாட்டிக் கொள்வது அவசியம். ஸ்பீக்கரில் வரும் ஒலி மீண்டும் மைக்கில் புகுந்து எதிரொலிப்பது நின்று விடும். இணைப்பு மெதுவாக இருந்தால் வீடியோவை நிறுத்தி, குரலை மட்டும் வைத்துக் கொள்ளுங்கள்.

நேரத்தை முடிவு செய்வதுதான் பகடையை விடக் கடினம். ஞாயிறு காலை 7.30 மணி என்று வைத்துக் கொண்டோம். டொரண்டோவில் அது சனிக்கிழமை இரவு 9 மணி. அங்கே கோடைக் கால நேரம் நடைமுறையில் இருக்கும் மாதங்களில் 10 மணி. இரண்டு மணி நேரம்தான். முடியும் நேரத்தைச் சரியாகக் கடைப்பிடித்தால், அடுத்த வாரமும் எல்லாரும் வருவார்கள்.

குறிப்புகளை இழந்தவன் என்ன செய்தான்?

தொடக்கத்தில் சொன்ன கதவுக்கு வருவோம். குறிப்புகள் இல்லை என்பதைச் சொல்லாமல், புதிதாக எதையாவது கட்டி விடலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். பிறகு உண்மையைச் சொல்லி விட்டேன். "உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்குதோ, ஆளுக்கு அஞ்சு வரி எழுதி அனுப்புங்கடா" என்று கேட்டேன்.

மூன்று பைல்கள் வந்தன. கதவுக்குப் பின்னால் தண்ணீர் சத்தம் கேட்டது என்று ஒருவன் எழுதியிருந்தான். கதவு தொட்டால் சுட்டது என்று இன்னொருவன். கதவில் கீறியிருந்த எழுத்து, தன் பாத்திரத்தின் காணாமல் போன அண்ணனுடைய கையெழுத்து என்று டொரண்டோ நண்பன். இவற்றில் எதை நான் அன்று சொன்னேன், எதை அவர்களே சேர்த்துக் கொண்டார்கள் என்று எனக்கு நினைவில்லை. மூன்றையும் உண்மை என்று வைத்துக் கொண்டேன்.

கதவு திறந்தது. உள்ளே ஒரு வெந்நீர் ஊற்று. அதன் கரையில் தாடி நரைத்த அண்ணன் உட்கார்ந்திருந்தான். "ஏன்டா இவ்வளவு நாள்?" என்று அவன் குரலில் நான் கேட்டேன். டொரண்டோ பக்கத்திலிருந்து சில நொடிகள் சத்தமே இல்லை. நெட் போய் விட்டது என்று நினைத்தேன். "இல்லடா, இருக்கேன்" என்றான்.

அன்று ஆட்டம் முடிந்த பின்னும் அரை மணி நேரம் பேசிக் கொண்டிருந்தோம். டொரண்டோவில் சனிக்கிழமைகளில் தனியாக உட்கார்ந்திருப்பான் என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது: பேக்கப்

எனக்கு நண்பர்களின் நினைவாற்றல் கை கொடுத்தது. எல்லாருக்கும், எல்லாப் பைல்களுக்கும் அப்படி அமையாது. கதை போல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து காப்பி கொடுத்து, பென் டிரைவில் பேஸ்ட் செய்யுங்கள். இன்னொரு காப்பியை கூகுள் டிரைவ் அல்லது ஒன் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் ஏற்றி விடுங்கள். லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, இணையத்தில் ஒன்று என மூன்று காப்பிகள் இருந்தால், ஒன்று பழுதானாலும் கவலை இல்லை. பென் டிரைவை லேப்டாப் பையிலேயே வைக்க வேண்டாம். பை தொலைந்தால் இரண்டும் சேர்ந்து போய் விடும்.

எங்கள் குழுவில் இப்போது அந்தப் பொறுப்பு கோவை நண்பனின் தங்கையிடம் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம் முடிந்ததும், "அண்ணா, காப்பி எடுத்தாச்சா?" என்று கேட்காமல் அவள் லேப்டாப்பை மூடுவதில்லை. உங்களுக்கும் பாதியில் நின்ற ஆட்டம் ஒன்று இருக்கிறதா? அந்தப் பழைய நண்பருக்கு இன்றே ஒரு மெசேஜ் அனுப்பிப் பாருங்கள். அவருக்கு நினைவிருப்பதை ஐந்து வரிகளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதையே முதல் பைலாக சேவ் செய்து தொடங்கலாம்.